பழைய கால்குலேட்டரும் சரியான வினாடியும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூர் போகிற வழியில் இருக்கும் காட்டூரில், பொறியாளரோ போர்மேனோ இருந்த வீட்டின் மேசை இழுப்பறையைத் துழாவினால் ஒரு பழைய கால்குலேட்டர் கிடைத்துவிடும். 1964இல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது என்ஐடி. அதையொட்டியே பெல் கொதிகலன் ஆலையும் வந்தது. ஆலையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. ஸ்லைடு ரூல் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கால்குலேட்டருக்கு மாறியதை இந்த ஊர் கண்ணெதிரே பார்த்தது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த காசியோ, சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஷார்ப், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர் வாங்கிவந்த எச்பி என்று அவை வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை இன்னும் ஓடுகின்றன. செல் ஒழுகிப் பித்தளைத் தகடு பச்சை பிடித்திருந்தாலும், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் அன்று போலவே சரியாக வருகின்றன.

நேரம் மட்டும் சரியாக வருவதில்லை. பழைய கால்குலேட்டரில் டைமர் இருந்தாலும், அதை டைமராக நாமே மாற்றிக்கொண்டாலும், மணிக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று பிசகுகிறது. இந்தப் பிசகு எங்கிருந்து வருகிறது, வீட்டில் கிடைக்கும் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களை வைத்து அதை எவ்வளவு குறைக்கலாம், எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்ற மூன்றையும் இங்கே பார்க்கிறேன். உலகம் முழுக்கப் பழைய கருவிப் பிரியர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துபார்த்த வழிகள் இவை. ஆனால் திருச்சியின் வெயிலிலும், நம் மின்சாரத்திலும், நமக்குக் கிடைக்கும் சாமான்களிலும் அவற்றை நிறுத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் வேறாக வருகிறது.

இந்தக் கேள்விக்கு மூல உதாரணம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது எச்பி-45தான். 1973இல் அமெரிக்காவில் 395 டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 3,000 ரூபாய். சிவப்பு எழுத்தில் எரியும் திரை. கையேட்டில் எங்கும் சொல்லப்படாத ஒரு ஸ்டாப்வாட்ச் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆர்சிஎல் விசையை அழுத்திவிட்டு, சிஎச்எஸ், 7, 8 ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். திரை உடனே மணி, நிமிடம், வினாடி, வினாடியில் நூற்றிலொரு பங்கு என்று வடிவம் மாறும். சிஎச்எஸ் தட்டினால் ஓடத் தொடங்கும். மறுபடி தட்டினால் நிற்கும். மூன்று விசைகளும் ஒன்றாக இறங்க விரல் பழக வேண்டும். வாய்த்துவிட்டால், இலக்கங்கள் ஓடும் அந்தக் காட்சியை இன்றும் கண்ணெடுக்காமல் பார்க்கலாம்.

ஆனால் கிரிஸ்டல் கடிகாரத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் விலகிக்கொண்டே போகும். எச்பி-45க்குள் கிரிஸ்டல் கிடையாது. ஒரு கம்பிச்சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 800 கிலோஹெர்ட்ஸில் துடிக்கின்றன. அந்தத் துடிப்பை நான்கால் வகுத்து மற்ற சில்லுகளுக்குக் கொடுக்கிறார்கள். கணக்குப் போட இது தாராளமாகப் போதும். துடிப்பு இரண்டு சதவீதம் வேகமாக ஓடினால் விடை இரண்டு சதவீதம் முன்னதாக வரும், விடை தப்பாது. நேரம் அளக்கும்போதோ துடிப்பே அளவுகோலாகிவிடுகிறது. அதில் இரண்டு சதவீதம் பிசகினால் மணிக்கு 72 வினாடி போய்விடும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1975இல், எச்பி-55 வந்தபோது டைமர் வெளிப்படையான வசதியாகவே வந்தது. 100 மணி நேரம் வரை எண்ணும். உள்ளே 784 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். விளங்காத எண்ணாகத் தோன்றினாலும் பிரித்துப் பார்த்தால் அழகான எண் அது. அந்தக் காலத்து எச்பி சில்லுகள் ஒரு கட்டளைக்கு 56 துடிப்பு எடுத்துக்கொள்ளும். 784-ஐ நான்கால் வகுத்தால் 196. வினாடிக்கு 1,96,000 துடிப்பு. அதை 56ஆல் வகுத்தால் வினாடிக்கு மிகச்சரியாக 3,500 கட்டளை. அப்படியானால் வினாடியில் நூற்றிலொரு பங்குக்குள் முப்பத்தைந்து கட்டளை மிச்சமின்றி அடங்குகிறது. கிரிஸ்டலின் எண்ணையும் கட்டளைகளின் எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கிரிஸ்டலை உள்ளே வைத்தால் நேரம் சரியாகிவிடாது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

பிசகு என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் மாறாமல் 72 வினாடி முந்துகிறது என்றால் அது தவறான கடிகாரம், ஆனால் நிலையான கடிகாரம். இன்னொன்று காலையில் 20 வினாடி முந்தி, மத்தியானம் 30 வினாடி பிந்தி, சாயங்காலம் தற்செயலாகச் சரியாக நிற்கிறது என்றால் அதை நம்பவே முடியாது. முதல் வகைக்குச் சால்டரிங் அயர்ன் தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். உண்மையான 3,600 வினாடியை உங்கள் கருவி 3,673 என்று காட்டினால், காட்டுகிற எண்ணை 0.9801ஆல் பெருக்குங்கள். கையில் இருப்பதே கால்குலேட்டர்! இதைச் சொல்லாமல் நேராகக் கருவியைக் கழற்றச் சொல்லும் வழிகாட்டிகளை என்னால் ஏற்க முடிவதில்லை. எச்பி-41க்கு 1980களின் தொடக்கத்தில் நேரத்துக்கென்றே ஒரு தனிச் செருகுபெட்டி வந்தது. அதற்குள் சொந்தக் கிரிஸ்டல் இருந்தது. அப்படியிருந்தும், சில நாள் ஓடவிட்டுச் சரியான நேரத்தைச் சொன்னால், எவ்வளவு முந்தியது பிந்தியது என்று தானே கணக்கிட்டுத் திருத்தக் காரணியை நினைவில் வைத்துக்கொள்ளும் கட்டளையையும் அதில் சேர்த்திருந்தார்கள். கிரிஸ்டல் இருந்தும் பெருக்கலை விடவில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் கால்குலேட்டர் இந்த இரண்டில் எந்த வகை என்று பார்ப்பது. குளிர்ந்த காலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், உச்சிவெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். புதுச் செல் போட்டு ஒருமுறையும், தீரப்போகும் செல்லில் ஒருமுறையும் பாருங்கள். மலிவு கால்குலேட்டர்களில் துடிப்பைத் தருவது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான். செல் இறங்க இறங்க அதுவும் இறங்கும். கம்பிச்சுருள் வகை அதைவிட மேல். இருந்தாலும், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், காலைக்கும் மத்தியானத்துக்கும் 20 டிகிரி வித்தியாசத்தில் மணிக்கு ஏழு வினாடி மாறிவிடும். அதற்குமேல் பெருக்கல் உதவாது.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான நேரம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? முதலில் நினைவுக்கு வருவது சுவரில் இருக்கும் மின்சாரம்தான். 50 ஹெர்ட்ஸ் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 1970களில் வந்த வெளிநாட்டுச் செய்முறைகள் பலவும் மின்சாரத்தின் அலையையே அளவாக எடுத்து, ஐம்பதால் வகுத்து வினாடி செய்துகொள்ளச் சொன்னவை. அவற்றைப் படித்து இங்கே செய்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியிருக்கும்.

காட்டூர்க்காரர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும். பெல்லில் செய்த கொதிகலனில் பிறக்கும் நீராவி டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றினால் 50 ஹெர்ட்ஸ் வரும். உற்பத்தியைவிடத் தேவை கூடினால் சுழற்சி தொய்யும், அலையும் குறையும். தென்மாநில மின்தொகுப்பு நெடுங்காலம் பற்றாக்குறையில் ஓடியது. அதிர்வெண் இறங்கும்போது மின்சாரம் எடுப்பவருக்கு விலை கூடும் என்ற கட்டணமுறை 2003 ஜனவரியில் தெற்கே வந்த பிறகு நிலைமை தேறியது. அப்போதும் 49 ஹெர்ட்ஸ் வரை அனுமதி இருந்தது. 49இல் ஓடும் தொகுப்பை 50 என்று நம்பி எண்ணினால் மணிக்கு 72 வினாடி நஷ்டம். திருத்தம் தேவைப்பட்ட எச்பி-45 செய்யும் பிசகும் ஏறத்தாழ இதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்குத் தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தது. இன்று அனுமதிக்கப்படும் எல்லை 49.90 முதல் 50.05 வரை. நல்ல முன்னேற்றம். ஆனாலும் 49.90 என்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைவு, மணிக்கு ஏழு வினாடி. மின்வெட்டில் இன்வெர்ட்டர் ஓடினால் அது தன் சொந்த அலையை உண்டாக்கும். அதற்கும் தொகுப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதை நம் ஊர்க் குறையாக மட்டும் எண்ண வேண்டாம். 2018 தொடக்கத்தில் கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையே எழுந்த மின்சாரத் தகராறில் ஐரோப்பியத் தொகுப்பின் அலை சிறிதே குறைந்து ஓடியது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள், மின்சார அலையை நம்பிய அடுப்புக் கடிகாரங்களும் அலாரங்களும் கண்டம் முழுக்க ஆறு நிமிடம் பின்தங்கின.

இரண்டாவது வழி வானொலி. செய்திக்கு முன் வரும் பிப் ஒலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1939இலிருந்து திருச்சிக்கு ஒரு வானொலி நிலையம் உண்டு. செயற்கைக்கோள் வழியாக வரும் ஒலியில் கால் வினாடி தாமதம் இருக்கும் என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். இடைவெளியை அளக்கும்போது அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. தொடக்கத்தில் கால் வினாடி தாமதம், முடிவிலும் அதே கால் வினாடி, கழித்தால் போய்விடும். செல்போன் செயலியில் கேட்கும் வானொலியை மட்டும் நம்ப வேண்டாம். அதில் தாமதம் வினாடிக்கணக்கில் இருக்கும், ஒவ்வொரு முறையும் மாறும்.

இதில் பொறுமைக்கு நல்ல பலன் உண்டு. காலை ஆறு மணி ஒலியில் தொடங்கி மாலை ஆறு மணி ஒலியில் நிறுத்தினால் 43,200 வினாடி. விரல் தடுமாற்றம் 0.3 வினாடி என்று வைத்தாலும் பத்து லட்சத்தில் ஏழு பங்குதான் பிசகு. ஆயிரக்கணக்கில் விலையுள்ள அலை அளக்கும் கருவி தரும் துல்லியத்தை ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு முழுப் பகலும் தந்துவிடுகின்றன. பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கிரிஸ்டல்காரர்கள் பிபிஎம் என்பார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

மூன்றாவது வழி ஜிபிஎஸ். நியோ-6எம் போன்ற சின்ன ஜிபிஎஸ் போர்டு இன்று சில நூறு ரூபாய்தான். மொட்டை மாடியில் வானம் தெரியும்படி வைத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். ஒவ்வொரு துடிப்பும் செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரத்தை ஒட்டி வருவது. நம் நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் கடிகாரங்களை வைத்துக் காத்துவருகிறது. இணையம் வழியாக அதைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கால்குலேட்டரோடு நேராகப் பேச வைக்க ஜிபிஎஸ் துடிப்புதான் வசதி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி பட்டறை வேலைக்கு வருவோம். கால்குலேட்டரின் உள்ளிருக்கும் துடிப்பையே மாற்றுவது ஒரு வழி. எச்பி-45இல் கம்பிச்சுருளைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து கிரிஸ்டல் துடிப்பைக் கொடுத்தவர்கள் உலகில் பலர் உண்டு. எச்பி-55இல் இருந்தது போன்ற 784 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. எஸ்ஐ5351 என்ற சில்லு பொருத்திய போர்டை வாங்கி, அதிலுள்ள 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து வேண்டிய எண்ணை வடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்துச் சில்லுகள் இன்றைய 5 வோல்ட், 3.3 வோல்ட் உலகத்தைச் சேர்ந்தவை இல்லை; அலையின் மட்டத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். மட்டம் தப்பினால் சில்லு போய்விடும், மாற்றுச் சில்லும் கிடைக்காது. கை தேர்ந்தவர் மட்டும் தொடட்டும். செய்தால் கம்பிச்சுருளைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் இட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, கால்குலேட்டரோடு சேர்த்து வைக்கட்டும்.

அர்டுயினோ யூனோ போர்டை வைத்து வினாடி செய்துகொள்ளலாம் என்று மாணவர்கள் நினைப்பதும் உண்டு. அதன் மேல் 16 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய பளபளப்பான கிரிஸ்டல் தெரிகிறது. அது யுஎஸ்பி சில்லுக்கு உரியது. உங்கள் நிரல் ஓடும் சில்லுக்குப் பக்கத்தில் இருப்பது செராமிக் ரெசனேட்டர், அதற்கு உத்தரவாதம் அரை சதவீதம்தான். மணிக்கு 18 வினாடி வரை போகலாம். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லை அதோடு சேர்த்தால் இந்தக் கவலை இல்லை. தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் சில்லு அது. 0 முதல் 40 டிகிரி வரை இரண்டு பிபிஎம்முக்குள் நிற்கும். ஆண்டுக்கு ஒரு நிமிடப் பிசகு. அதிலிருந்தே வினாடிக்கு ஒரு துடிப்பும் எடுத்துக்கொள்ளலாம்.

துடிப்பு கிடைத்துவிட்டது, அதைக் கால்குலேட்டருக்குள் எப்படி அனுப்புவது? எனக்கு மிகவும் பிடித்த வழி இங்கேதான் வருகிறது. உள்ளிருக்கும் எதையும் மாற்றத் தேவையில்லை. எளிய கால்குலேட்டரில் 1 + = என்று அழுத்திவிட்டு = விசையை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று கூடும். காசியோவில் + விசையை இருமுறை அழுத்த வேண்டும். திரையில் கே என்ற எழுத்து வந்து நிற்கும். அந்த = விசைக்கு இணையாக இரண்டு மெல்லிய ஒயர் வெளியே எடுத்து, வினாடிக்கு ஒருமுறை அவற்றை இணைத்துப் பிரித்தால் கால்குலேட்டர் வினாடி எண்ணத் தொடங்கிவிடும். உள்ளிருக்கும் துடிப்பு பத்து சதவீதம் பிசகினாலும் பாதகமில்லை, எண்ணிக்கை வெளியிலிருந்து வருகிறது. 555 என்ற டைமர் ஐசியை வைத்து இதைச் செய்தவர்கள் 1970களிலேயே உண்டு. ஆனால் 555இன் நேரமும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டரை நம்பியதுதான். ஒரு பிசகை நீக்க இன்னொரு பிசகை வாங்கிக்கொண்ட கதை அது.

555க்குப் பதில் சிடி4060 போடுங்கள். அதற்கு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கொடுத்தால், உள்ளேயே பதினான்கு முறை இரண்டால் வகுத்து வினாடிக்கு இரண்டு துடிப்பு தரும். சிடி4013இல் இன்னொரு முறை வகுத்தால் ஒன்று. திருச்சியில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் இவை பத்து, இருபது ரூபாய்ச் சாமான்கள். இதைவிட எளிதும் ஒன்று உண்டு: ஓடாத சுவர்க் கடிகாரம். முள் உடைந்தாலும் பல்சக்கரம் தேய்ந்தாலும் உள்ளிருக்கும் சின்னப் போர்டு பெரும்பாலும் உயிரோடிருக்கும். அதன் கம்பிச்சுருள் முனைகள் இரண்டிலும் வினாடிக்கு ஒன்றாக, இந்த முனையில் ஒருமுறை, அந்த முனையில் மறுமுறை என்று துடிப்பு வரும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு ரெசிஸ்டர் எடுத்து, ஒரே டிரான்சிஸ்டரின் பேஸில் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாகி வினாடிக்கு ஒன்று வந்துவிடும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. சுவர்க் கடிகாரத்தின் துடிப்பு சில பத்து மில்லிவினாடிதான் நீடிக்கும். விரல் அழுத்தியதா, தொடர்பு நடுங்கியதா என்று உறுதி செய்துகொள்ளக் கால்குலேட்டர் அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தால், அது அந்த அழுத்தலைக் கண்டுகொள்ளாது. துடிப்பைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்க வேண்டும். ஜிபிஎஸ் போர்டு வசதி என்று சொன்னேனே, காரணம் இதுதான். அதன் துடிப்பு வழக்கமாக 100 மில்லிவினாடி நீடிக்கும், விரல் அழுத்துவது மாதிரியே. இரண்டாவது, விசையை இணைக்கும் சாமான். ஆப்டோகப்ளர் போட்டால் எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. சிறிய ரீட் ரிலே போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ‘டிக்’ என்று மெல்லிய சத்தமும் கேட்கும். எண்ணுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இந்த முறையில் சோதனையும் எளிது. ஜிபிஎஸ் துடிப்பை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால் திரையில் 3,600 இருக்க வேண்டும். 3,599 இருந்தால் ஓர் அழுத்தலைக் கால்குலேட்டர் தவறவிட்டது என்று பொருள். துடிப்பை இன்னும் நீட்டுங்கள். இங்கே பிசகு வந்தால் முழு எண்ணாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது. கூட்டும் எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மணிக்கு 450 லிட்டர் இறைக்கும் பம்பு என்றால் வினாடிக்கு 0.125 லிட்டர். 0.125-ஐக் கூட்ட வைத்தால், இதுவரை எத்தனை லிட்டர் என்று திரையே சொல்லிவிடும். சாதாரண டைமர் தராத வசதி இது.

கிரிஸ்டல் போட்டாகிவிட்டது, வேலை முடிந்தது என்று திருச்சியில் சொல்லிவிட முடியாது. கடிகாரக் கிரிஸ்டல் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ். 25 டிகிரியில் அது உச்ச வேகத்தில் துடிக்கும். வெப்பம் அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்றால், 25இலிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அதன் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் பிபிஎம் கணக்கு கிடைக்கும். சித்திரை வெயிலில் அறை 40 டிகிரி என்றால் விலகல் 15, வர்க்கம் 225, பிசகு 7.65 பிபிஎம். நாளைக்கு 0.66 வினாடி, மாதம் முழுக்க அப்படியே இருந்தால் 20 வினாடி பின்தங்கும். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் பெட்டிக்குள் 50 டிகிரி வந்தால் நாளைக்கு இரண்டு வினாடியை நெருங்கும். குளிர்நாட்டில் இருந்துகொண்டு கிரிஸ்டலை 20 டிகிரியில் சரிபார்த்து, இனி கவலையில்லை என்று எழுதியவர்களின் குறிப்பு நமக்கு அப்படியே ஒத்துவராது. கிரிஸ்டலின் வேகத்தைச் சற்றே நகர்த்தும் டிரிம்மர் கெப்பாசிட்டரை நாம் திருப்பிச் சரிசெய்ய வேண்டியது அந்தக் கால்குலேட்டர் அதிக நேரம் இருக்கப்போகும் வெப்பத்தில். இங்கே அது 30, 32 டிகிரி. ஆடியிலும் மார்கழியிலும் ஒருமுறை சரிபார்த்து இரண்டுக்கும் நடுவில் வைப்பது இன்னும் மேல். டிஎஸ்3231 போட்டவருக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆனால் அறை 40 டிகிரியைத் தாண்டினால் அதன் இரண்டு பிபிஎம் உத்தரவாதமும் 3.5ஆகத் தளர்கிறது.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு விரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண் பார்த்து விரல் அழுத்துவதில் சுமார் 0.2 வினாடி தடுமாற்றம் உண்டு. ஒரு சதவீதம் பிசகும் டைமரில் 20 வினாடி அளந்தால் டைமரின் பிசகும் விரலின் பிசகும் சமம். அதற்குக் குறைவான நேரத்தை அளப்பவர் கிரிஸ்டல் போட்டு ஒன்றும் சாதிக்கப்போவதில்லை. 20 பிபிஎம் கிரிஸ்டலில் இந்தச் சமநிலை வர 10,000 வினாடி ஆகும், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அதற்குள் அளக்கும் எதிலும் கிரிஸ்டலை விட விரல்தான் குற்றவாளி.

காட்டூரைச் சுற்றியுள்ள வேலை ஒன்றில் இதை வைத்துப் பார்க்கலாம். வெல்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று கணக்கிடுவார்கள்: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, கை நகரும் வேகத்தால் வகுப்பது. வேகம் தெரிய 300 மில்லிமீட்டர் போட எத்தனை வினாடி ஆனது என்று அளக்க வேண்டும். 25 வோல்ட், 160 ஆம்பியர், 100 வினாடி என்றால் மில்லிமீட்டருக்கு 1.33 கிலோஜூல். டைமர் இரண்டு சதவீதம் பிசகினால் 1.36 வரும். ஆம்பியர் மீட்டரின் முள்ளே அதைவிட ஆடும். இந்த வேலைக்குத் திருத்தாத எச்பி-45 கூடப் போதும், பெருக்கல் திருத்தம் செய்தால் தாராளம். ஆனால் வெல்டிங் முடிந்த கொதிகலன் பாகத்தை உலையில் மணிக்கணக்கில் சூட்டில் வைத்து மெல்ல ஆற்றும் வேலைக்கோ, ஒரு செல் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கோ, இரவு முழுக்க எண்ண வேண்டிய எதற்கும் கிரிஸ்டல் துடிப்பு வேண்டும். கால்குலேட்டரைத் திறக்கும் முன் அளக்கப்போகும் நேரத்தின் நீளத்தைச் சொல்லிக்கொண்டால், ஸ்குரூ டிரைவர் தேவையா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

என் தீர்ப்பு இது. எச்பி-45 மாதிரி அபூர்வமான கருவியாக இருந்தால் உள்ளே கை வைக்காதீர்கள். வானொலி ஒலியை வைத்துக் காரணியைக் கண்டுபிடித்து, உறையில் ஒட்டிய தாளில் வெப்பத்தோடு சேர்த்து எழுதுங்கள். எந்த வீட்டிலும் கிடைக்கும் பழைய காசியோ, சிட்டிசன் என்றால் = விசைக்கு ஒயர் எடுங்கள். ஒயர் வெளியே வரும் இடத்தில் பிளாஸ்டிக்கை அறுக்காமல், செல் மூடியின் ஓரத்தில் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். 1970களின் நடுவில் சிவ் நாடாரும் தோழர்களும் மைக்ரோகாம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கால்குலேட்டர் விற்றுத்தான் எச்சிஎல் கணினி நிறுவனத்துக்கு முதல் சேர்த்தார்கள். அந்தக் காலத்து இந்தியக் கால்குலேட்டர் யாரிடமாவது இருந்தால், அதைத் திறப்பதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்து, சில்லின் மேல் இருக்கும் எழுத்துகளைக் குறித்துவைக்க வேண்டும். அவற்றில் துடிப்பு எதிலிருந்து வந்தது, எவ்வளவு நிலையாக நின்றது என்று யாரும் வரிசையாக அளந்து வைத்ததை நான் பார்த்ததில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு மாணவர்களும் ஒரு ஜிபிஎஸ் போர்டும் சேர்ந்தால் முடியக்கூடிய வேலை. தொடங்க நல்ல மாதம் மே. அறை 40 டிகிரியில் இருக்கும்போது ஒரு வரிசை அளவு எடுத்துவிட்டு, அதே கால்குலேட்டர்களை மார்கழி விடியற்காலையில் இன்னொரு வரிசை அளந்தால் போதும்.